இரண்டு மாதக் கணக்கு

அப்பத்தாவின் காரியம் முடிந்த மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுப்புடவை ரெண்டு, தாத்தாவின் கண்ணாடிக்கூடு, மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரக்கட்டு. பத்திரங்களுக்கு அடியில் தட்டச்சு செய்த நான்கு தாள்கள் இருந்தன. ஓரம் செல்லரித்துப்போன அந்தத் தாள்களின் தலைப்பில் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 145 என்று ஆங்கிலத்தில் இருந்தது. 1979 ஆகஸ்டு மாதத்து உத்தரவு. சப் கலெக்டரின் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் கீழே.

அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கண்மாய்க்குக் கீழே இரண்டாம் மடைப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருந்தது. அதை வாரத்துக்கு விட்டிருந்தார் தாத்தா. “நெலம் நம்முது. பட்டா நம்முது. தீர்வ கட்டுனது நாம. கவர்மெண்டு வந்து பிடுங்கி வாரக்காரன்ட்ட குடுத்துட்டுப் போயிருச்சு” என்று அப்பத்தா சொல்வார். பொங்கலுக்குப் பொங்கல் இதைக் கேட்டு வளர்ந்தேன். எங்கள் வீட்டுக்கு நேர்ந்த அநியாயம் என்றால் அது இதுதான்.

அந்த நான்கு தாளைப் படித்த பிறகுதான் கதையின் முதல் பாதி யாரும் எனக்குச் சொல்லாதது என்று புரிந்தது.

144 எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு, கூட்டம் கூடத் தடை, செய்தித்தாளில் பெரிய எழுத்து. அதற்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் 145ஐ, ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நிலம் அல்லது நீர் பற்றிய தகராறு, அதனால் அமைதி குலையும் வாய்ப்பு. இந்த இரண்டும் இருப்பதாக போலீஸ் அறிக்கையிலிருந்தோ வேறு வழியிலோ நிர்வாக நடுவருக்குத் தெரிந்தால், அவர் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கலாம். நிலம், நீர் என்றால் மண்ணும் தண்ணீரும் மட்டுமில்லை. கட்டடம், சந்தை, மீன்பிடி உரிமை, விளைச்சல், வாடகை எல்லாம் அதில் அடக்கம்.

விசாரணையில் கேட்கப்படுவது ஒரே கேள்வி. ‘இது யாருடையது?’ என்று சட்டம் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்றே சொல்கிறது. ‘இது யார் அனுபவத்தில் இருந்தது?’ என்பதுதான் கேள்வி. பதில் கிடைத்ததும், ‘நீதிமன்றம் முறைப்படி வெளியேற்றும்வரை இவரே இருப்பார், மற்றவர் தலையிடக்கூடாது’ என்று உத்தரவு. பத்திரம், பட்டா, வாரிசுரிமை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு முதலில் இது விசித்திரமாகப் பட்டது. உரிமையைக் கேட்காத சட்டம் என்ன சட்டம்? அது எங்கிருந்து வந்தது என்று தேடப்போனேன். தேடல் வங்காளத்தில் போய் நின்றது.

1793இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஜமீன்தார்கள் கட்ட வேண்டிய தொகை நிர்ணயமானது. நிலங்களின் எல்லைகள் அவ்வளவு தெளிவாக நிர்ணயமாகவில்லை. அளந்து கல் நட்ட நிலம் குறைவு. போதாததற்கு வங்காளத்து ஆறுகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. இந்த வருடம் ஒரு கரையைத் தின்றுவிட்டு, அடுத்த வருடம் நடு ஆற்றில் புதிதாக ஒரு திட்டைக் கக்கும். ‘சர்’ என்று அதற்குப் பெயர். நம் ஊர்ப் படுகை மாதிரி, ஆனால் ஒரு கிராமமே குடியேறுகிற அளவுக்குப் பெரிதாகவும் எழும். நேற்று தண்ணீராக இருந்த இடத்துக்கு யார் பத்திரம் வைத்திருக்க முடியும்? முதலில் ஏர் பூட்டியவன் நிலம் அது. இரண்டாவதாக வருபவன் அதிக ஆட்களோடு வந்தால் அவன் நிலம். புதுமண் யாருக்குச் சேரும் என்பதற்கென்றே 1825இல் கம்பெனி அரசு தனியாக ஒரு ரெகுலேஷன் போட வேண்டிவந்தது.

இதற்காகவே ஜமீன்தார்கள் ஆள் வைத்திருந்தார்கள். ‘லாட்டியால்’ என்று பெயர். லாட்டி என்றால் தடி. நாம் போலீஸ் கையில் பார்க்கிற லத்தியும் அதே சொல்தான். விதைப்புக்கு முன்னும் அறுவடைக்கு முன்னும் இந்தத் தடிக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். பின்னால் நீலத் தோட்டத்து வெள்ளைக்காரர்களும் இதே ஆட்களைக் கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சிவில் வழக்கு முடிய வருடங்கள் ஆகும். நெல் வருடக்கணக்கில் காத்திருக்காது, தடியும் காத்திருக்காது. அதனால் கம்பெனி அரசு கண்டுபிடித்த வழி: உரிமையைப் பிறகு பார்க்கலாம், முதலில் அடிதடியை நிறுத்து. அதற்கு மாஜிஸ்திரேட் உடனே பதில் காணக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். யார் உழுதார்கள், யார் விதைத்தார்கள், நேற்று வரை யார் அங்கே நின்றார்கள் என்பதை ஊரில் நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். 1840ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் இந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது. 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது அது 318ஆம் பிரிவானது. 1872இல் 530. 1882இல் 145 என்ற எண் கிடைத்தது. 1898லும் 1973லும் புதுச் சட்டம் எழுதியபோதும் எண் மாறவில்லை. வங்காளத்து ஆற்றுமண் சண்டைக்கு எழுதிய வாசகம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிச் செல்லரித்த தாளாக எங்கள் டிரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அனுபவத்தைக் கேட்பது எப்போதும் பலசாலிக்குத்தான் சாதகம் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். 1859 அந்த எண்ணத்தைக் கலைத்தது.

நீலம் என்பது அவுரியிலிருந்து எடுக்கும் சாயம். தோட்டக்காரர் குடியானவருக்கு முன்பணம் தருவார். அதை வாங்கிய குடியானவர் தன் நிலத்தின் நல்ல பகுதியில் நெல்லை விட்டுவிட்டு அவுரி விதைக்க வேண்டும். விளைச்சலுக்குக் கிடைக்கும் விலை முன்பணத்தை அடைக்காது. பாக்கி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். விதைக்க மறுத்தால் தடிக்காரர்கள் வந்து நெல் வயலை உழுது அவுரியை விதைத்துவிட்டுப் போவார்கள்.

1859இல் பாராசாத் என்ற இடத்தில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் ஆஷ்லி ஈடன். அவர் எடுத்த நிலை எளிமையானது. நிலம் குடியானவரின் கையில் இருக்கிறது. அதில் எதை விதைப்பது என்பது அவர் விருப்பம். ஒப்பந்தத்தை மீறினார் என்றால் தோட்டக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். அதுவரை குடியானவரைக் காப்பது போலீஸின் வேலை. அவருக்குக் கீழே கலாரோவாவில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்த வங்காளி ஹேமசந்திர கர், 1859 ஆகஸ்டு 20 அன்று இதை ஊர் மொழியில் அறிவிப்பாகவே வெளியிட்டார். செய்தி பரவியது. நதியா, ஜெஸ்ஸூர் மாவட்டங்களில் குடியானவர்கள் அவுரி விதைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நீலக் கிளர்ச்சி என்று வரலாறு சொல்வது இதைத்தான். அதன் காரணங்கள் பல, ஒரு தாள் கிளர்ச்சியை உண்டாக்காது. ஆனால் ‘கோர்ட்டுக்குப் போ, அதுவரை வயலில் கால் வைக்காதே’ என்ற வாக்கியத்தை முதன்முறையாக வெள்ளைக்காரத் தோட்டக்காரரைப் பார்த்து அரசு சொன்னது என்பது குடியானவருக்குப் புரிந்துவிட்டது.

அரசுக்கும் அது புரிந்தது. 1860 மார்ச்சில் தற்காலிகமாக ஒரு சட்டம் வந்தது. நீல ஒப்பந்தத்தை நிறைவேற்றாத குடியானவரை மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பலாம். கூடவே நீல விசாரணைக் கமிஷனும் அமைந்தது. சிவில் கோர்ட்டில் தீர வேண்டிய ஒப்பந்தச் சண்டையை அவசரத்துக்குக் குற்றமாக்கினார்கள். அமைதி காப்பது என்று வந்தால் யாருடைய அமைதி என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. ஈடன் ஒரு பதில் சொன்னார், அடுத்த வருடம் கல்கத்தா வேறு பதில் சொன்னது.

இந்த இடத்தில்தான் சட்டத்தின் இன்னொரு வரியைச் சொல்ல வேண்டும். 145ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. யார் அனுபவத்தில் இருந்தது என்று கேட்டால், நேற்று ராத்திரி ஆளோடு புகுந்தவன்கூட ‘நான்தான் இருக்கிறேன்’ என்று சொல்லலாமே? அதற்குத்தான் இந்த வரி. தகவல் நடுவருக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரே இன்னும் அனுபவத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். அந்த இரண்டு மாதத்துக்குள் நடந்த பலவந்தம் கணக்கில் வராது.

நீருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் உரிமை, பாதையில் நடக்கும் உரிமை போன்றவை 147ஆம் பிரிவில் வரும். வருடம் முழுக்க உள்ள உரிமை என்றால், புகாருக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் உள்ள உரிமை என்றால், கடைசியாக வந்த அந்தப் பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். கண்மாய் வறண்ட சித்திரையில் மடைத் தகராறு வந்தால், போன ஐப்பசியில் யார் பாய்ச்சினார்கள் என்று பார்ப்பார்கள். எழுதியவர் யாரோ, மழையை அறிந்தவர்.

ஆக, இந்தச் சட்டத்தில் எல்லாமே ஒரு தேதியில் நிற்கிறது. எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம் என்பதில். தேதியை ஒழுங்காக எண்ணினால் தடிக்காரன் தோற்பான். எண்ணாமல் அப்படியே உறைய வைத்தால் கடைசியாக அடித்தவன் ஜெயிப்பான்.

இரண்டாவதற்கு உதாரணமாக, நாம் எல்லோரும் அறிந்த ஒரு 145 வழக்கு இருக்கிறது. அது 145 வழக்கு என்று பலருக்குத் தெரியாது.

1949 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அயோத்தியில் பாபர் மசூதியின் மைய மண்டபத்துக்குள் ராமர் சிலைகள் வைக்கப்பட்டன. அங்கே கடைசி வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது டிசம்பர் 16. சிலைகளை அகற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த அறிவுறுத்தலை மாவட்ட ஆட்சியர் கே.கே. நாயர் நிறைவேற்றவில்லை. அகற்றினால் ரத்தம் சிந்தும் என்றார். டிசம்பர் 29 அன்று கூடுதல் நகர மாஜிஸ்திரேட் 145ஆம் பிரிவின்கீழ் உத்தரவு போட்டு, அவசரநிலை என்று சொல்லி, கட்டடத்தை ஜப்தி செய்தார். 1950 ஜனவரி 5 அன்று நகராட்சித் தலைவர் பிரியா தத் ராம் ரிசீவராகப் பொறுப்பேற்றார். பூசை தொடர்ந்தது. தொழுகை நின்றது.

சிலை வைத்த இரவுக்கும் உத்தரவுக்கும் இடையே ஒரு வாரம்தான். இரண்டு மாதக் கணக்கு என்ற வரி அன்று அமலில் இருந்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. அந்த வளாகத்தின் அனுபவம் சிக்கலானதுதான், வெளிமுற்றத்தில் இந்துக்களின் வழிபாடு நெடுங்காலமாக இருந்தது. ஆனால் உள்ளே அந்த ஒரு வாரத்துக்கு முன் நிலை என்ன என்று எண்ணிப் பார்க்கச் சட்டம் இடம் தந்திருந்தது. எண்ணவில்லை. அந்த 145 கோப்பு விசாரித்து முடிக்கப்படவும் இல்லை. சிவில் வழக்கு இருக்கிறது என்று சொல்லி 1953இல் கட்டி வைத்துவிட்டார்கள். 1986இல் பூட்டு திறந்தது, 1992இல் கட்டடம் இடிந்தது, நாடு முழுக்க மனிதர்கள் செத்தார்கள். 2019 நவம்பர் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிலத்தைக் கோயிலுக்குத் தந்தது. அதே தீர்ப்பு, 1949 டிசம்பரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது சட்டப்படி நடந்ததல்ல என்றும் சொன்னது. எழுபது வருடம் கழித்து.

ரத்தம் சிந்தாமல் இருக்கத்தான் அந்த உத்தரவு. அன்று சிந்தவில்லை என்பதும் உண்மைதான். இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் என்பது இன்னொரு பக்கமும் வெட்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தலித் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம். கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 145இன் கண்ணுக்கு இன்று அனுபவத்தில் இருப்பவர் வேறொருவர். மீட்க வருகிறவர்தான் அமைதியைக் குலைப்பவர். 1994 அக்டோபரில் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தபோது போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். நூறு வருடத்துப் பலவந்தத்துக்கு, மெதுவாக, காகிதத்தின் வழியாக நடந்த பலவந்தத்துக்கு, இந்தச் சட்டத்தில் கணக்கு கிடையாது. வேறு சட்டம்தான் வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுத் தாளுக்கு வருகிறேன்.

உத்தரவில் முதல் பத்தி போலீஸ் அறிக்கை. 1978 கார்த்திகையில் நஞ்சையில் நடவுப் பயிர் பச்சை கட்டி நிற்கும்போது, ‘முதல் தரப்பினர்’ பக்கத்து ஊர் ஆட்கள் பதினொரு பேரோடு வயலில் இறங்கி, ‘இரண்டாம் தரப்பினரை’ அடித்து விரட்டி, வரப்பில் காவல் போட்டார். முதல் தரப்பினர் என் தாத்தா. பதினொரு பேர் என்று எண்ணிக்கை போட்டிருக்கிறது. தடி வைத்திருந்தார்கள் என்றும் இருக்கிறது.

தாத்தா பட்டாவைத் தாக்கல் செய்திருக்கிறார். தீர்வை ரசீது கொடுத்திருக்கிறார். கர்ணம் எழுதிய அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற இடத்திலும் தாத்தாவின் பெயரே இருந்தது. தாத்தாவும் கர்ணமும் சீட்டாட்டக் கூட்டாளிகள் என்பது உத்தரவில் இல்லை, எனக்கு அப்பா சொன்னது. வாரக்காரர்களின் பெயரைப் பதிவுசெய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. வந்தும் எங்கள் வாரக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

அவருக்காக மூன்று பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது சாட்சி கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும் முறை வைத்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அந்த வயலுக்கு யார் தண்ணீர் கேட்டு வருவார்கள் என்று நடுவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் தரப்பினர்தான் வருவார், ராத்திரி முறை என்றாலும் அவர்தான் மண்வெட்டியோடு வந்து நிற்பார், முதல் தரப்பினரை நான் மடைப்பக்கம் பார்த்ததே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவர் தமிழில் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் கேட்க முடிகிறது. “ஐயா, தண்ணி கேட்டு வந்தவுகளத்தானே நான் சம்சாரின்னு சொல்ல முடியும்.”

பயிர் காத்திருக்காது என்பதால் இடையில் ஓர் உத்தரவு. விளைச்சலை ஜப்தி செய்து, தையில் மூன்றாம் ஆளை வைத்து அறுத்து, நெல்லை விற்றுப் பணத்தைக் கருவூலத்தில் கட்டியிருக்கிறார்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு அப்படிச் செய்யலாம் என்று 145லேயே வழி உண்டு. அறுப்பு நாளில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு கரையில் நின்று பார்த்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதிர்க்கரையில் நின்ற வாரக்காரர் மகன், அப்பாவின் வகுப்புத் தோழன்.

கடைசிப் பத்தி சின்னது. பலவந்தமாக வெளியேற்றப்பட்ட இருபத்தேழாம் நாள் புகார் வந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குள். ஆகவே இரண்டாம் தரப்பினரே அனுபவத்தில் இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. அவரைத் திரும்ப அமர்த்த வேண்டும். கருவூலப் பணம் அவருக்கே. முதல் தரப்பினர் தன் உரிமையை உரிய நீதிமன்றத்தில் நிலைநாட்டிக்கொள்ளலாம்.

தாத்தா சிவில் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. அங்கே போனால் வாரக்காரர் எத்தனை வருடமாக உழுகிறார் என்ற பேச்சு வரும். நாலு வருடம் கழித்து அந்த நிலத்தை வந்த விலைக்கு அந்த வாரக்காரருக்கே விற்றுவிட்டார். பிடுங்கிக் கொடுத்தது கவர்மெண்டு இல்லை.

வங்காளத்து லாட்டியால்களைப் பற்றிப் படிக்கும்போது நான் என்னை அறியாமல் குடியானவர் பக்கம் நின்றுதான் படித்தேன். எல்லோரும் அப்படித்தானே படிப்போம். எங்கள் வீட்டுக் கதையில் தடி யார் கையில் இருந்தது என்று ஒரு சப் கலெக்டர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு தடவை, ஒரு கண்மாய்க்கரை ஊரில், யாரோ ஒழுங்காக நாளை எண்ணியிருக்கிறார்கள். 1949இல் எண்ணாதது 1979இல் எண்ணப்பட்டிருக்கிறது. துண்டுச்சீட்டு இல்லாத ஒரு மனிதருக்காக.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 144 இப்போது 163. 145 இப்போது 164. எண்தான் மாறியது, இரண்டு மாதக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு கடைசிப் பத்தியைத் தமிழில் சொன்னேன். பதினொரு பேர் என்றதும், “பதிமூணு பேருடா, ரெண்டு பேரு ஓடிட்டாய்ங்க” என்றார். சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சரிதான். ஆனா பட்டா நம்ம பேர்லதானப்பா இருந்துச்சு?”

“ஆமாப்பா, பட்டா நம்ம பேர்லதான் இருந்துச்சு.”